'ஸ்டிரைக்' என்றொரு வினைச்சொல்

சென்ற ஆண்டுத் தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. சிலுவைப்பாதை முடிந்து மக்கள் கலைந்துவிட்டனர். கோவில் கதவைச் சாத்த எழுந்தபோது, நம் திருத்தங்கல் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் தம் மகனுடன் வாசலில் நிற்கக் கண்டேன். தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கிப் பிழைப்பவர் அவர். கணவர் வடமாநிலத்தில் ஓர் ஆலையில் வேலை பார்க்கிறார். மகன் பதினோராம் வகுப்பு. "தோத்திரம் சாமி" என்றவர், மேற்கொண்டு பேச மாட்டாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"என்னம்மா, யாருக்கு என்ன?" என்றேன்.

"அவுகள அடிச்சிட்டாகளாம் சாமி. ரெண்டு தடவ அடிச்சதா எழுதியிருக்காம். பையன் படிச்சுச் சொன்னான். போன் போட்டா மூணு நாளா எடுக்கல."

பையன் ஒரு கடிதத்தை நீட்டினான். அன்று பதிவுத் தபாலில் வந்தது, முழுவதும் ஆங்கிலம். பாவம், பகல் முழுவதும் அகராதியோடு போராடியிருக்கிறான். ஓரங்களில் பென்சிலால் பொருள் எழுதியிருந்தான். கடிதத்தில் 'ஸ்ட்ரக்' என்ற சொல் இரண்டு இடங்களில் வந்தது. இரண்டின் மேலும் 'அடித்தார்கள்', 'அடிக்கப்பட்டது' என்று எழுதியிருந்தான். ஆலை நிர்வாகம் சொல்லியிருந்ததோ வேறு. இன்னின்ன நாள்களில் பிறரோடு சேர்ந்து 'ஸ்ட்ரக் ஒர்க்' செய்தமையால், அதாவது வேலைநிறுத்தம் செய்தமையால், உமது பெயர் பதிவேட்டிலிருந்து 'ஸ்ட்ரக் ஆஃப்', அதாவது நீக்கம், செய்யப்பட்டுள்ளது. கடிதத் தேதியிலிருந்து பதினைந்து நாளுக்குள் விளக்கம் தரலாம். இவ்வளவுதான் செய்தி. தேதியைப் பார்த்தேன். ஒன்பது நாள் கழிந்திருந்தது.

"அடிக்கவில்லை அம்மா. யாரும் யாரையும் அடிக்கவில்லை" என்றேன். அந்தத் தாயின் முகத்தில் வந்த ஒளியை நான் எளிதில் மறக்க மாட்டேன். "அடிக்கலையா? அப்பச் சரி சாமி" என்று கண்ணீரோடு சிரித்தார். வேலை போய்விட்டது என்பதை நான் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. அப்போது சிரிப்பு நின்றது.

பையனை நான் குறை சொல்ல மாட்டேன். அகராதி முதற்பொருளாகத் தந்ததை அவன் அப்படியே எழுதினான். 'ஸ்டிரைக்' என்றால் அடி. 'ஸ்ட்ரக்' அதன் இறந்தகாலம். நம் பிள்ளைகளுக்கு நாம் ஆங்கிலம் கற்பிக்கும் முறையே இதுதானே! ஒரு சொல், அதற்கு எதிரே ஒரு சொல், நடுவில் ஒரு கோடு. ஆனால் ஆங்கில வினைச்சொற்கள், குறிப்பாகச் சிறியவை, அந்தக் கோட்டுக்குள் அடங்குவன அல்ல. ஆக்ஸ்போர்டு பேரகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் 'செட்' என்ற ஒரு வினைக்கு மட்டும் ஏறத்தாழ 430 பொருள்கள் காட்டப்பட்டன. பிற்பாடு திருத்தி எழுதப்பட்டபோது 'ரன்' என்ற வினை 645 பொருளோடு அதனை முந்திவிட்டது. 'ஸ்டிரைக்' அவற்றுக்கு இளைய தம்பி எனலாம். எனினும் சிவகாசி வட்டாரத்துக்கு இதைப்போல் நெருக்கமான ஆங்கில வினை வேறொன்று இல்லை என்பது என் எண்ணம். ஏன் என்று சொல்கிறேன்.

குச்சி உரசும் ஊரில்

தீக்குச்சியைப் பெட்டியின் பக்கவாட்டில் தேய்த்து நெருப்பு உண்டாக்குவதை ஆங்கிலத்தில் 'ஸ்டிரைக் எ மேட்ச்' என்பர். நாம் 'குச்சி உரசு' என்போம், 'குச்சி கிழி' என்போம், 'பற்றவை' என்போம். 'தீக்குச்சியை அடித்தாள்' என்று எழுதிய பிள்ளைக்கு ஆசிரியர் மதிப்பெண் தர மாட்டார். எனினும் பிள்ளையின் உள்ளத்தில் எழும் கேள்வி நியாயமானதே: அடிக்காத ஒன்றை ஏன் ஆங்கிலேயன் அடித்தல் என்கிறான்?

விடை அச்சொல்லின் வயதில் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் இவ்வினைக்குத் தொடக்கப் பொருள் அடித்தல் அன்று. செல்லுதல், தடவுதல், மேலே இழுத்துத் தேய்த்தல் என்பனவே. தடவுதலைக் குறிக்கும் 'ஸ்ட்ரோக்' அதன் உடன்பிறப்பு. ஜெர்மன் மொழியில் இதே வேரிலிருந்து பிறந்த வினை இன்றளவும் தடவுதலையும் பூசுதலையும் குறிக்கிறது. தீக்குச்சிக்கு அவர்கள் இட்ட பெயர் 'ஷ்ட்ரைக்ஹோல்ட்ஸ்', அதாவது உரசும் மரக்குச்சி. ஆங்கிலத்தில் நாளடைவில் தடவல் அழுத்தமாகி அடியாயிற்று. இரும்பைக் கல்லில் மோதிப் பொறி எழுப்பியதையும் அவர்கள் இதே வினையால் குறித்தனர். எனவே 1827இல் இங்கிலாந்தின் ஸ்டாக்டன் நகரத்து மருந்து வணிகர் ஜான் வாக்கர் உராய்வினால் பற்றும் தீக்குச்சியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அதற்குரிய வினை ஆயத்தமாகக் காத்திருந்தது. அவர் பெட்டியோடு ஒரு மடித்த உப்புத்தாளையும் தருவாராம். அதனிடையே குச்சியை வைத்து இழுத்தால் பற்றும். உரசலும் பொறியும் ஒன்றாய்ச் சேர்ந்த வேலை அது.

இதே பழம்பொருள் வேறோர் இடத்திலும் ஒளிந்திருக்கிறது. தானியம் அளக்கும்போது படியில் குவிந்ததைக் கோலால் வழித்துச் சமப்படுத்துவதையும் ஆங்கிலத்தில் 'ஸ்டிரைக்' என்பர். குவித்த அளவு வேறு, 'ஸ்ட்ரக்' அளவு வேறு. நம் பாட்டிமார் 'தலை தட்டி அள' என்று சொன்னது இதைத்தான். ஆங்கிலேயன் தடவினான், தமிழன் தட்டினான். படி இரண்டிடத்தும் சமமாயிற்று.

தட்டுதல் என்றவுடன் ஒன்று நினைவுக்கு வருகிறது. பொன்னைத் தட்டி அணி செய்பவரை நாம் தட்டார் என்கிறோம். நம் திருத்தங்கலுக்குப் பழம்பெயர் தங்கால். சங்கப் புலவர்களுள் தங்கால் பொற்கொல்லனார் என ஒருவர் இருக்கிறார். பகலில் பொன்னையும் இரவில் சொல்லையும் தட்டியவர் போலும்! 2021இல் சிவகாசி மாநகராட்சியோடு இணைந்துவிட்ட இவ்வூருக்கு இப்படி ஒரு பெருமையும் உண்டு என்பதை நம் பிள்ளைகள் அறிவது நல்லது.

உரசலுக்குத் திரும்புவோம். 1922இல் ப. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழில் பயின்று, 1923இல் சிவகாசிக்குத் திரும்பித் தொழிலைத் தொடங்கிய வரலாறு இங்கே அனைவரும் அறிந்தது. நம் மக்கள் குச்சியை அடுக்கி, மெழுகில் தோய்த்து, மருந்தில் முக்கி எடுக்கிறார்கள். குச்சி முனையில் பொட்டாசியம் குளோரேட்டு இருக்கிறது. பெட்டியின் பக்கவாட்டில் சிவப்புப் பாஸ்பரசு இருக்கிறது. இரண்டும் தேய்ந்து சந்தித்தால்தான் தீ. 'பெட்டியின்மேல் மட்டுமே ஸ்டிரைக் செய்க' என்று ஆங்கிலப் பெட்டிகளில் அச்சிட்டதன் பொருள் இதுவே. எங்கே தேய்த்தாலும் பற்றும் பழைய குச்சி வேறு வகை. அதன் கொடுமையைப் பின்னர்ச் சொல்வேன்.

ஒன்றை மட்டும் இங்கே சொல்லாமல் கடக்க இயலாது. உரசல் என்பது பிற ஊர்களில் ஒரு சாதாரணச் சொல். இங்கே அப்படியன்று. 'மருந்துக் கலவையில் ஏற்பட்ட உராய்வினால் விபத்து' என்ற வரியை நாளேட்டில் எத்தனை முறை படித்திருக்கிறோம்! பட்டாசு மருந்து அறையில் இரும்புக் கருவிக்கு இடமில்லை, மரமும் பித்தளையும்தான். இரும்பு எதன்மேலேனும் மோதினால் பொறி பறக்கும். 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டி ஆலையில் முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டதை மறந்தவர் இவ்வட்டாரத்தில் இரார். இத்தகைய நாள்களில் ஆங்கில ஏடுகள் 'டிராஜடி ஸ்ட்ரக்' என்று எழுதுவது வழக்கம். துயரம் வந்து அடித்ததாம். நாம் அவ்வாறு சொல்வதில்லை. 'நேர்ந்தது' என்போம், 'இடி விழுந்தது' என்போம். துயரத்திற்குக் கை இருப்பதாக நாம் நினைப்பதில்லை; அது மேலிருந்து விழுகிறது.

கூடாரம் அடித்தலும் கலைத்தலும்

'ஸ்டிரைக்' என்பதற்கு 'அடி' என்பதே முழுத் தவறு என்று நான் சொல்லவில்லை. பல இடங்களில் இரண்டும் அண்ணன் தம்பிபோல் ஒட்டிச் செல்கின்றன. கடிகாரம் மணி அடிக்கிறது. ஆங்கிலத்திலும் அதே வினை. பட்டியலில் ஒரு பெயரைக் கோடிட்டு நீக்கினால் 'பெயரை அடித்துவிட்டான்' என்கிறோம். பத்திரம் எழுதுவோர் 'அடித்தல் திருத்தல் இல்லை' என்று உறுதி சொல்கிறார்கள். ஆங்கிலத்தின் 'ஸ்டிரைக் ஆஃப்' அதுவேயன்றோ! அந்தப் பையன் எழுதிய 'அடிக்கப்பட்டது' என்பது இவ்வகையில் பாதி சரி. அடிக்கப்பட்டது அவன் தந்தையன்று, தந்தையின் பெயர்.

ஆனால் நம் 'அடி'யும் தன்போக்கில் எங்கெங்கோ செல்கிறது. வெயில் அடிக்கிறது, காற்று அடிக்கிறது, காய்ச்சல் அடிக்கிறது, நாற்றம் அடிக்கிறது. சுவருக்கு வெள்ளை அடிக்கிறோம். பரிசுச் சீட்டு அடிக்கிறது. சோம்பேறி அரட்டை அடிக்கிறான். தேர்வில் காப்பி அடிக்கிறான். சிவகாசியில் ஆண்டுதோறும் நாடெங்கும் தொங்கப்போகும் காலண்டரை அடிக்கிறார்கள். இவற்றுள் ஒன்றையேனும் 'ஸ்டிரைக்' என்று மொழிபெயர்த்தால் ஆங்கிலேயன் திகைப்பான், நாம் 'தீக்குச்சியை அடித்தாள்' என்பது கேட்டுத் திகைப்பதுபோல.

எல்லாவற்றிலும் வேடிக்கையானது கூடாரம். 'கூடாரம் அடித்தார்கள்' என்றால் முளையடித்து நிறுத்தினார்கள் என்று பொருள். ஆங்கிலத்தில் 'ஸ்டிரைக் எ டென்ட்' என்றால் கூடாரத்தைக் கலைத்துச் சுருட்டுதல்! சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், நின்ற படை நடக்கும், நடந்த படை நிற்கும். கப்பலில் பாயை இறக்குவதற்கும் ஆங்கிலத்தில் இதே வினைதான். இறக்குதல் என்னும் இப்பொருளை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். சற்று நேரத்தில் வேண்டியிருக்கும்.

பாம்பு 'ஸ்டிரைக்' செய்தால் தமிழில் கொத்தும், தீண்டும். பதியன் 'ஸ்டிரைக் ரூட்' செய்தால் வேர் பிடிக்கும். மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்துப் பேரம் 'ஸ்டிரைக்' செய்தால் பேரம் படியும். நாணயத்தை அச்சிடுவதும் இதே வினை. சிரித்துக்கொண்டே ஒன்று சொல்கிறேன்: அமெரிக்கரின் பேஸ்பால் ஆட்டத்தில் மட்டையை வீசிப் பந்தை அடிக்கத் தவறினால் அதற்குப் பெயர் 'ஸ்டிரைக்'. அடிக்காததும் அடியே!

மனத்தில் ஓர் எண்ணம் திடீரெனத் தோன்றுவதையும் 'இட் ஸ்ட்ரக் மீ' என்கிறார்கள். இவ்விடத்தில் தமிழ் அழகாக இருக்கிறது. 'எனக்குப் பட்டது' என்கிறோம். 'பொறி தட்டியது' என்கிறோம். கல்லும் இரும்பும் மோதிப் பிறந்த பொறி இருநாட்டார் மனத்திலும் ஒன்றாகவே விழுந்திருக்கிறது.

இத்தகைய சொற்காடு கண்டு அஞ்சாதவர் வீரமாமுனிவர். இத்தாலியில் பிறந்து, நமக்கு அண்மையிலுள்ள காமநாயக்கன்பட்டியிலும் பணியாற்றிய அவர், 1732இல் சதுரகராதியை உருவாக்கினார். பெயர், பொருள், தொகை, தொடை என நான்காக அதனைப் பகுத்தார். ஒரு சொல்லுக்குப் பல பொருள் உண்டு என்பதற்கு ஒரு பிரிவும், ஒரு பொருளுக்குப் பல சொல் உண்டு என்பதற்கு ஒரு பிரிவும் தனித்தனியே வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. பிறமொழியைக் கற்றுத் தடுமாறியவருக்கே அது தோன்றும். இன்று நம் பிள்ளைகள் பையில் கொண்டுசெல்லும் சிற்றகராதி அந்த இரண்டு பிரிவையும் ஒரு வரியில் அடக்கப் பார்க்கிறது.

பாய் இறக்கியவர்களும் பெட்டி அடைத்தவர்களும்

இனிக் கடிதத்தின் முதல் 'ஸ்ட்ரக்'. வேலையை நிறுத்துவதற்கும் அடிப்பதற்கும் என்ன தொடர்பு? ஒன்றுமில்லை, பாய்க்கும் இதற்குமே தொடர்பு. 1768இல் கூலி போதாதென்று குமுறிய மாலுமிகள் இலண்டன் துறையில் நின்ற கப்பல்களின் பாய்களை இறக்கிவிட்டார்கள். பாய் இறங்கினால் கப்பல் நகராது. அன்றிலிருந்து 'பாய் இறக்குதல்' வேலையை நிறுத்துவதற்குப் பெயராயிற்று. எனவே நம் ஊர்த் தொழிலாளி 'ஸ்டிரைக்' என்று சொல்லும்போதெல்லாம், தான் கண்டிராத ஒரு கப்பலின் பாயை இறக்குகிறான். அச்சொல்லில் அடிதடி இல்லை. கையை ஓங்குவதன்று, கையை எடுத்துவிடுவதே அதன் பொருள்.

இந்த இரண்டு பொருளும், குச்சி உரசுதலும் வேலை நிறுத்துதலும், ஒரே இடத்தில் சந்தித்த நாள் ஒன்றுண்டு. 1888ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள், இலண்டனின் கிழக்கே போ என்னும் பகுதியில் பிரையண்ட் அண்டு மே தீப்பெட்டி ஆலை. அங்கு வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் சிறுமிகளும். பலர் அயர்லாந்து வழிவந்த ஏழைக் குடும்பத்தினர். பேசினால் அபராதம், கால் அழுக்காயிருந்தால் அபராதம். அன்று எங்கே தேய்த்தாலும் பற்றும் குச்சிக்கு வெள்ளைப் பாஸ்பரசைப் பயன்படுத்தினார்கள். அதன் ஆவி பல்வழியே புகுந்து தாடை எலும்பை அரித்துத் தின்றது. இக்கொடுமையை ஜூன் 23ஆம் நாள் தம் சிற்றிதழில் எழுதியவர் வேறு யாருமல்லர். பின்னாளில் சென்னை அடையாற்றில் வந்து தங்கிய அன்னி பெசண்டு அம்மையார்தாம். எழுதியது பொய் என்று கையெழுத்திடுமாறு நிர்வாகம் பெண்களை வற்புறுத்தியது. அவர்கள் மறுத்தனர். சுமார் 1,400 பேர் வெளியே வந்தார்கள். இரண்டு வாரத்துக்குள் அபராதங்கள் ஒழிந்தன. பெண்களுக்குச் சங்கம் ஒன்றும் பிறந்தது. குச்சியை 'ஸ்டிரைக்' செய்வதற்காகச் செய்தவர்கள், செய்வதையே 'ஸ்டிரைக்' செய்தார்கள்.

வெள்ளைப் பாஸ்பரசு அத்தோடு ஒழிந்துவிடவில்லை. 1906இல் பெர்ன் நகரில் நாடுகள் கூடி அதனை விலக்க உடன்பட்டன. இந்தியாவில் 1913இல் தனிச்சட்டம் வந்தது. அதற்குப் பத்தாண்டு கழித்தே சிவகாசியில் தீப்பெட்டி தொடங்கியது. நம் பாட்டிமாரின் தாடை பிழைத்தது, அவர்கள் பெயரறியாத அந்தப் பெண்கள் இறக்கிய பாயினாலும்தான் என்று நான் எண்ணிக்கொள்வதுண்டு.

நமக்கு இன்னும் அருகிலும் வரலாறு இருக்கிறது. 1908 பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடி கோரல் நூற்பாலைத் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். வ. உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் முன்நின்றனர். கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் அப்போது கிடைத்தன. 1918இல் அன்னி பெசண்டு அம்மையாரின் தோழர் பி. பி. வாடியா சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார். மில் ஊர்களில் 'ஸ்டிரைக்' என்ற சொல் தமிழாகிவிட்டது. 'வேலைநிறுத்தம்' என்ற நல்ல தமிழ்ச்சொல் மேடையிலும் ஏட்டிலும் வாழ்கிறது. ஆலை வாசலில் வாழ்வது 'ஸ்டிரைக்'தான்.

அச்சொல்லை நாம் சற்றுத் தாராளமாகவும் வழங்குகிறோம். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் சேர்ந்த பட்டாசுக்குத் தடை விதித்தபின், நவம்பரில் பட்டாசு ஆலைகள் மூடப்பட்டு மாதக்கணக்கில் திறக்கவில்லை. அப்போதும் 'பட்டாசு ஆபீசு ஸ்டிரைக்' என்றே ஊரில் பேசினார்கள். மூடியவர்கள் உரிமையாளர்கள், அடுப்பு அணைந்தது தொழிலாளி வீட்டில். சொல் ஒன்றேயாயினும் செய்தவன் ஒருவன், பட்டவன் ஒருவன். சட்டமோ இத்தகைய தாராளத்தை ஏற்காது. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம், பணியாளர் பலர் ஒன்றுசேர்ந்து வேலையை நிறுத்துவதே 'ஸ்டிரைக்' என்று வரையறுத்தது. 2020இல் இயற்றிய தொழில் உறவுத் தொகுப்பு, ஒரே நாளில் பாதிப்பேரோ அதற்கு மேலோ திட்டமிட்டுத் தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அது 'ஸ்டிரைக்' என்று பொருளை அகட்டிவிட்டது. சட்டமன்றங்களும் அகராதி எழுதுகின்றன!

திருச்சபையும் இச்சொல்லை எடைபோட்டுப் பார்த்திருக்கிறது. திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891இல் விடுத்த சுற்றுமடலில், நெடுநேர உழைப்பும் குறைந்த கூலியுமே வேலைநிறுத்தத்திற்குக் காரணம் என்றும், அக்காரணத்தை முன்கூட்டியே சட்டத்தால் களைவது ஆட்சியாளர் கடன் என்றும் எழுதினார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல், பேச்சு பயனளிக்காதபோது கடைசி வழியாக அதற்கு இடமுண்டு என்றது.

கடிதத்தின் விடை

அன்றிரவு எங்களுக்கு அகராதியினும் வழக்கறிஞரே தேவைப்பட்டார். மதுரையில் எனக்குத் தெரிந்த ஒருவரிடம் தொலைபேசியில் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "பெயரை 'ஸ்ட்ரக் ஆஃப்' செய்தோம் என்று எழுதிவிட்டால் எல்லாம் முடிந்துவிடாது, சாமி" என்றார். டெல்லி துணி ஆலை ஒன்றின் வழக்கில், தொழிலாளியின் பெயரைப் பதிவேட்டிலிருந்து அடிப்பதும் ஆட்குறைப்பே, அதற்குரிய சட்டமுறையை நிர்வாகம் பின்பற்றியாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1977லேயே தீர்ப்பளித்திருக்கிறதாம். ஓர் ஆங்கில வினைக்குப் பொருள் காண உச்ச நீதிமன்றம்வரை போயிருக்கிறார்கள்!

மறுநாள் காலை தந்தையே அழைத்தார். அரசு மருத்துவமனையில் கிடந்திருக்கிறார், டெங்குக் காய்ச்சல். நிறுத்தம் நடந்த நாள்களிலேயே படுத்தவர், ஆலைப் பக்கமே போகவில்லை. அலைபேசியில் மின்னேற்ற ஆளில்லை. சேர்ந்த தேதியிட்ட மருத்துவச் சீட்டு கையில் இருந்தது. நிர்வாகம் கதவுக்கு வெளியே இருந்த அனைவரையும் ஒரே வரியில் எழுதிவிட்டிருந்தது.

வழக்கறிஞர் ஆங்கிலத்தில் விடை எழுதி அனுப்பினார். பையன் அதனைத் தன் கையால் படியெடுத்தான். ஒரு வரியில் அவன் பேனா நின்றது. 'ஸ்டிரிக்கன் வித் ஃபீவர்' என்றிருந்தது. "சாமி, இதுவும் அதே சொல்லா?" என்றான். அதே சொல்தான், அதன் பழைய முடிவெச்ச வடிவம். பெரும்பாலும் துயரம், நோய், வறுமை இவை பற்றிப் பேசும்போது இன்னும் வழங்குகிறது. காய்ச்சலால் 'ஸ்டிரிக்கன்' ஆன மனிதரை 'ஸ்ட்ரக் ஒர்க்' செய்தவராகக் கொண்டு 'ஸ்ட்ரக் ஆஃப்' செய்திருக்கிறார்கள். மூன்று வடிவமும் ஒரு தொழிலாளியின் தலைமேல் ஒரே வாரத்தில் வந்து விழுந்தன.

விடை பதின்மூன்றாம் நாள் விரைவு அஞ்சலில் போய்ச் சேர்ந்தது. பெயர் மீண்டும் பதிவேட்டில் ஏற இரண்டு மாதம் பிடித்தது. அந்த இரண்டு மாதக் கூலி இன்னும் வந்தபாடில்லை. அதற்கான மனு நிலுவையில் இருக்கிறது.

பையன் இப்போது தனி நோட்டு ஒன்று வைத்திருக்கிறான். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓர் ஆங்கில வினை. ஆனால் பொருளை எழுதுவதில்லை, வாக்கியத்தைத்தான் எழுதுகிறான். 'ஸ்டிரைக்' பக்கத்தில் முப்பத்தாறு வாக்கியம் சேர்ந்துவிட்டது. சென்ற வாரம் முப்பத்தேழாவதைக் கொண்டுவந்தான். நனைந்த தீக்குச்சி பற்ற மறுத்தால் 'த மேட்சஸ் வோன்ட் ஸ்டிரைக்' என்பார்களாம். இங்கே குச்சியை யாரும் எதுவும் செய்யவில்லை; குச்சியே செய்ய மறுக்கிறது. "தமிழில் என்ன எழுதட்டும் சாமி?" என்றான். "குச்சி பற்றவில்லை என்று எழுது" என்றேன்.

அருகில் நின்ற தாய்க்கு அது பிடிக்கவில்லை. "நாங்க அடுக்குன குச்சியா பத்தாது? வேற ஊருக் குச்சின்னு எழுதுடா" என்றார்.